கும்மி மைதானத்தில் மூன்று கேமரா, ஒரு ரெக்கார்டர்: சத்தத்தையும் படத்தையும் பொருத்துவது எப்படி

வள்ளி கும்மி அரங்கேற்றத்தில் கைதட்டலுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எடிட்டிங்கில் சிங்க் செய்ய, அதாவது சத்தத்தையும் படத்தையும் பொருத்த, உட்கார்ந்தால் அதில் ஒன்றுகூட உதவாது. எல்லாத் தட்டலும் ஒரே இடைவெளியில், ஒரே மாதிரி விழுவதால் மென்பொருள் ஒரு தாளம் தள்ளி ஒட்டிவிட்டு, வேலை சரியாக முடிந்ததாகக் காட்டிவிடும். துடும்பு மேளத்திலும் இதே கதைதான். கல்யாணத்தில் மங்கல வாழ்த்து பாடும்போது இந்தத் தொல்லை கிடையாது; நடுவில் சொற்கள் மாறிக்கொண்டே வருவதால் வேவ்ஃபார்ம் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கோடு) ஒரே ஒரு இடத்தில்தான் பொருந்தும்.

அதனால் கும்மியையே எடுத்துக்கொள்வோம். அதைச் சரியாக ஒட்டத் தெரிந்தால் காதுகுத்து, பட்டிமன்றம், பேட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். அமைப்பு இதுதான்: பாடும் ஆசிரியருக்குப் பக்கத்தில் ஏ கேமரா, மைதானத்தின் நடுவாக்கில், கையில் தூக்கிக்கொண்டு நடக்கும் பி கேமரா, ஸ்பீக்கரிலிருந்து 56 மீட்டர் தள்ளி, கோயில் மண்டபத்து மாடியில் சி கேமரா, மேலே ஒரு டிரோன். பாட்டு மைக்செட்காரரின் மிக்ஸரிலிருந்து நேராக ஒரு ரெக்கார்டருக்குள் போகிறது.

கிளம்பும் முன்

எல்லாக் கேமராவையும் நொடிக்கு 25 பிரேமில் வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 25 பிரேம், 1/50 ஷட்டர் வைத்தால் டியூப்லைட், சீரியல் பல்பு சிமிட்டல் படத்தில் விழாது. ஐபோனில் கேமரா செட்டிங்ஸ் உள்ளே ரெக்கார்ட் வீடியோவில் 'ஷோ பால் ஃபார்மட்ஸ்' என்பதைப் போட்டால்தான் 25 கண்ணில் படும். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றின் சொந்த கேமராவில் 30, 60 மட்டுமே இருக்கும். அவற்றுக்கு பிளாக்மேஜிக் கேமரா ஆப் போட்டு 25 வைத்துக்கொள்ளலாம்.

ஒருவர் 30 பிரேமில் எடுத்துவிட்டால் சிங்க் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். போகாது. 30 பிரேம் சீராக இருந்தால், எடிட்டிங் மென்பொருளின் 25 பிரேம் டைம்லைனில் அசைவு கொஞ்சம் தத்தித் தத்தித் தெரியும், அவ்வளவுதான். நேரம் நேரமாகவே ஓடும். ஆபத்து வேறு இரண்டு இடத்தில். ஒன்று, போன் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப பிரேம் எண்ணிக்கையைத் தானாகக் கூட்டிக் குறைப்பது. இரண்டு, 29.97 பிரேம் கோப்பை யாராவது 'இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜ்' (கோப்பை எத்தனை பிரேமாகப் படிப்பது என்று சொல்லும் இடம்) போய் 30 என்று மாற்றிவிடுவது. வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் ஒரு மணி நேரத்தில் அது 3.6 நொடி.

ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. வீடியோ உலகம் முழுக்க 48-ல் ஓடுகிறது, 44.1-ல் எடுத்ததை ஏதாவது ஒரு மென்பொருள் 48 என்று தவறாகப் படித்தால் பாட்டு கிட்டத்தட்ட 9 விழுக்காடு வேகமாகி, ஆசிரியர் குரல் கீச்சென்று வரும். ஸ்டீரியோவில் இந்த அளவுக்கு மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி பிடிக்கும். பல ரெக்கார்டர்கள் 2 ஜிபி ஆனதும் கோப்பை உடைத்து அடுத்ததைத் தொடங்கும், அதாவது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். உடைப்பு எங்கே விழும் என்று முன்பே தெரிந்தால் பின்னால் குழம்ப வேண்டியதில்லை. மின்சாரத்தையோ ஜெனரேட்டரையோ நம்பாமல் ரெக்கார்டரைப் பேட்டரியில் ஓட்டுங்கள். ஒரு நொடி கரண்ட் போனாலும் கோப்பு இரண்டாகும், இடையில் போன நேரம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

எல்லாக் கருவியின் தேதியையும் மணியையும் ஒரே கைக்கடிகாரம் பார்த்து வைத்துவிடுங்கள். இது சிங்க்குக்குப் போதாது. ஆனால் எந்தக் கோப்பு எந்தக் கோப்போடு சேரும் என்று அடுக்க இதுதான் துணை.

மைதானத்தில்

மைக்செட்காரரிடம் கேட்க வேண்டியது ஒரே வரி: "ஏனுங்ணா, மிக்ஸர்ல ரெக் அவுட் சும்மா இருக்குதுங்களா?" இல்லையென்றால் ஆக்ஸ் அவுட். இரண்டும் மிக்ஸரிலிருந்து சத்தம் வெளியே வரும் துளைகள். அங்கே வருவது லைன் அளவுச் சத்தம், மைக்கைவிடப் பல மடங்கு பலமானது. ரெக்கார்டரில் 'லைன்' என்று மாற்றாமல் மைக் துளையில் செருகினால் வேவ்ஃபார்மின் தலை சீவிக்கொண்டு போகும். உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கட்டும். எவ்வளவு பெரிய சத்தத்தையும் உடையாமல் பதியும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் இருக்கிறதே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். மிக்ஸருக்குள்ளேயே உடைந்த சத்தத்தை அது சேர்த்துத் தராது.

மிக்ஸரில் பாட்டு மட்டும்தான் வரும். ஆடுவோரின் சலங்கை, காலடி, கைதட்டல் எதுவும் வராது. அதற்குக் கேமரா மைக் வேண்டும். அதனால் கேமராக்களின் சத்தத்தை எந்தக் காரணத்துக்காகவும் அணைக்காதீர்கள். மைக்குக்குப் பஞ்சுத் தொப்பி அவசியம், அதுவும் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் ஆனி, ஆடி மாதத்தில். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மைக்கில் மோதினால் வேவ்ஃபார்ம் முழுக்க ஒரே உறுமலாக வீங்கிப்போகும். மென்பொருள் அந்த உறுமலைத்தான் பாட்டு என்று நினைத்து ஒப்பிடும்.

இப்போது கிளாப், அதாவது பொருத்துவதற்கென்றே தட்டும் கைதட்டல். நிகழ்ச்சிக்கு முன் எல்லாக் கேமராவும் ஓடத் தொடங்கியபின், ஒருவர் பாடகரின் மைக்குக்கு ஒரு சாண் முன்னால் நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிவிட்டு, மைக்குக்கு நேராகத் தட்ட வேண்டும். ஒரு தட்டு, சற்று நிறுத்தம், பிறகு அடுத்தடுத்து இரண்டு. சீராக மூன்று தட்டினால் கும்மித் தாளத்தோடு குழம்பும். இந்த ஒழுங்கில்லாத தட்டு நாள் முழுக்க வேறெங்கும் வராது. ஒவ்வொரு கேமராவும் அந்தக் கையை ஜூம் செய்து பிடித்திருக்க வேண்டும். மாடியில் இருக்கும் சி கேமராவுக்கு இது கட்டாயம். காரணம் பின்னால் வரும்.

நிகழ்ச்சி முடிந்ததும், கேமராவை நிறுத்தும் முன், அதே கிளாப் இன்னொரு முறை. முதல் கிளாப் கோப்பு எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லும். கடைசிக் கிளாப்தான் அது வழியில் நழுவியதா என்று சொல்லும். நடுவில் யாராவது கார்டு, பேட்டரி மாற்றினால் அந்தக் கேமராவுக்குப் புதுக் கிளாப் வேண்டும். பாட்டு ஓடும்போது மைக் முன்னால் போய்த் தட்ட முடியாது; அடுத்த பாட்டுக்கு முந்தைய இடைவெளியில் தட்டிக்கொள்ளலாம்.

டைம்கோடு கருவி (எல்லாக் கோப்பிலும் ஒரே நேரக் குறியைப் பதிக்கும் பெட்டி) வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. டென்டக்கிள் சிங்க் மாதிரிப் பெட்டிகளை ஒன்றோடொன்று ஜாம் செய்து (நேரத்தை ஒன்றாக்கி), டைம்கோடு துளை இல்லாத கேமராவில் மைக் துளை வழியாக ஒரு சேனலில் டைம்கோடின் கீச்சொலியைப் பதிவு செய்தால், ரிசால்வ் எடிட்டிங் மென்பொருள் அதைப் படித்துக்கொள்ளும். அப்போதும் ஒரு கிளாப் தட்டி வைப்பது நல்லது. கேபிள் கழன்றால் தெரியாது.

கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு

ஏவிசிஎச்டி வடிவில் பதியும் கேமரா என்றால் எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் உருவி எடுக்காமல் கார்டில் உள்ள 'பிரைவேட்' ஃபோல்டரை அப்படியே காப்பி செய்யுங்கள். நீண்ட ஷாட்டை அது துண்டுகளாக வைத்திருக்கும்; அந்தத் துண்டுகளைச் சேர்க்கும் குறிப்பு பக்கத்து ஃபோல்டர்களில் இருக்கிறது. தனியாக உருவினால் ஒவ்வொரு இணைப்பிலும் சில பிரேம் சத்தம் காணாமல் போகலாம். கோப்ரோவில் வேறு சிக்கல்: ஜிஎக்ஸ்010123-இன் அடுத்த துண்டு ஜிஎக்ஸ்020123. முதல் இரண்டு இலக்கம் துண்டின் வரிசை, கடைசி நான்குதான் ஷாட்டின் எண். பெயர் வரிசையில் அடுக்கினால் வேறு வேறு ஷாட்டின் முதல் துண்டுகள் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும்.

போனில் எடுத்தது எதுவாக இருந்தாலும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்து 'ஃபிரேம் ரேட் மோட்' என்ற வரியைப் பாருங்கள். 'வேரியபிள்' (பிரேம் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருப்பது) என்றிருந்தால் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் வீடியோ பகுதியில் 25, 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' தேர்ந்து மாற்றிய பிறகே டைம்லைனுக்குள் விடுங்கள். வேரியபிள் கோப்பின் கோளாறு ஒரே திசையில் நழுவாது. ஒரு பக்கம் அக்கட்டால, இன்னொரு பக்கம் இக்கட்டால என்று அலையும். வெட்டி வெட்டிச் சரி செய்யலாம் என்று உட்கார்ந்தால் விடிந்துவிடும்.

ஒட்டுவது

ரிசால்வில் முதல் கோப்பை உள்ளே போடும் முன் புராஜெக்ட் செட்டிங்ஸில் டைம்லைன் 25 என்று வைத்துவிடுங்கள்; பிறகு அதை மாற்ற விடாது. மீடியா பூலில் கேமரா கோப்புகள், ரெக்கார்டர் கோப்பு எல்லாவற்றையும் தேர்ந்து, ரைட் கிளிக், 'கிரியேட் நியூ மல்டிகேம் கிளிப்' (எல்லாக் கேமராவையும் ஒரே கிளிப்பாகக் கட்டுவது). 'ஆங்கிள் சிங்க்' என்ற இடத்தில் 'சவுண்ட்'. ஒரே கேமராவின் துண்டுகள் தனித்தனி ஆங்கிளாகச் சிதறாமலிருக்க 'டிடெக்ட் கிளிப்ஸ் ஃப்ரம் சேம் கேமரா' டிக் இருக்கட்டும். பிரீமியர் புரோவில் இதே வேலை 'கிரியேட் மல்டி-கேமரா சோர்ஸ் சீக்வென்ஸ்', அதில் 'ஆடியோ'.

முன்பே சொன்னதுபோல் முழுக் கும்மியை 'சவுண்ட்' சிங்க்கிடம் விட்டால் ஒரு தாளம் தள்ளி ஒட்டும் வாய்ப்பு உண்டு. அதைத் தடுக்க, ஒவ்வொரு கோப்பிலும் கிளாப்பின் முதல் தட்டில் ஒரு மார்க்கர் (அடையாளக் குறி) அல்லது இன் பாயின்ட் (தொடக்கக் குறி) வைத்து, 'சவுண்ட்' என்பதற்குப் பதிலாக 'மார்க்கர்' அல்லது 'இன்' தேர்ந்தெடுங்கள். நான்கு கோப்புக்கு நான்கு நிமிட வேலை. எடியஸ் மென்பொருளில் ஓட்டுபவர்கள் இன் பாயின்ட் வழியில்தான் பெரும்பாலும் போகிறார்கள். அது பழைய முறை என்று வெட்கப்பட ஒன்றுமில்லை, இந்த வேலைக்கு அதுதான் நம்பகமானது.

மார்க்கர் வைக்கும் பிரேம் எது? கை நெருங்கும் பிரேம்களில் விரல்கள் மங்கி இழுத்துக்கொண்டு தெரியும். இரண்டு உள்ளங்கையும் ஒட்டி, மங்கல் நின்றுபோன முதல் பிரேம்தான் அது. ரெக்கார்டர் கோப்பில் வேவ்ஃபார்ம் செங்குத்தாக எழும் முதல் கோடு. உச்சத்தில் வைக்காதீர்கள், ஏற்றத்தின் அடியில் வையுங்கள்.

தூரம் செய்யும் வேலை

கோடை மாலையில் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். 25 பிரேமில் ஒரு பிரேம் 40 மில்லிசெகண்ட். அதாவது ஸ்பீக்கரிலிருந்து கேமரா ஒவ்வொரு 14 மீட்டர் தள்ளிப் போகவும் சத்தம் ஒரு பிரேம் பிந்தும். மாடியில் 56 மீட்டரில் இருக்கும் சி கேமராவின் மைக்குக்கு ஆசிரியர் பாடியது 4 பிரேம் கழித்துத்தான் வந்து சேர்கிறது. படமோ அந்த நொடியே வந்துவிடுகிறது.

இப்போது சி-யின் சத்தத்தை ரெக்கார்டர் சத்தத்தோடு ஒட்டினால் என்ன ஆகும்? வேவ்ஃபார்ம் இரண்டும் மயிரிழை பிசகாமல் பொருந்தி நிற்கும். பார்க்கும் நமக்கும் திருப்தி. ஆனால் சி-யின் படம் 4 பிரேம் முன்னால் ஓடுகிறது. வாய் அசைந்த பிறகு சொல் வருகிறது. ஏ-யிலிருந்து சி-க்கு வெட்டும்போது ஆடுபவரின் கால் 4 பிரேம் தாவுகிறது. வேவ்ஃபார்ம் பொருந்தியதாலேயே படம் கெட்டது.

மைக் முன்னால் தட்டிய கிளாப்பைப் படத்தில் ஜூம் செய்து பிடிக்கச் சொன்னது இதற்காகத்தான். சி கேமராவை அதன் சத்தத்தை வைத்து ஒட்டாமல், கை ஒட்டிய பிரேமை ரெக்கார்டரின் கோட்டோடு ஒட்டுங்கள். தூரம் கணக்கிலேயே வராது. கிளாப் படத்தில் தெரியவில்லையென்றால் சத்தத்தில் ஒட்டிவிட்டு, கிளிப்பை 4 பிரேம் வலப்பக்கம் நகர்த்துங்கள். பிரீமியரில் ஆல்ட் விசையோடு அம்புக்குறி, ரிசால்வில் முற்றுப்புள்ளி விசை. ஏ கேமரா ஸ்பீக்கருக்கு 3 மீட்டரில் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

தூரம் என்பது பாடகரிலிருந்து அல்ல, கேமராவுக்கு மிக அருகே கட்டியிருக்கும் ஸ்பீக்கரிலிருந்து. மைதானத்தைச் சுற்றிக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தால் மாடிக்குக் கீழேயே ஒன்று இருக்கலாம்; அப்போது 4 பிரேம் நகர்த்துவதே தவறாகிவிடும். கையில் தூக்கிக்கொண்டு நடக்கும் பி கேமராவில் இந்தப் பிந்தல் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அதைச் சத்தத்தில் ஒட்டவே கூடாது.

வட்டத்தின் மறுகோடியில் ஆடுபவர்களுக்கும் பாட்டு பிந்தித்தான் கேட்கிறது. 42 மீட்டர் தள்ளி ஆடுபவர் 3 பிரேம் பிந்தித்தான் தட்டுவார். அதை எடிட்டிங்கில் சரி செய்யப் பார்க்காதீர்கள். அது உண்மையிலேயே அப்படித்தான் நடந்தது.

நழுவல்

முதல் கிளாப் சரியாக இருந்து, கடைசிக் கிளாப் விலகியிருந்தால் அது நழுவல். ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு சிறு படிகம் நேரத்தை எண்ணுகிறது. இரண்டு படிகம் ஒரே மாதிரி எண்ணுவதில்லை. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே மணிக்கு 72 மில்லிசெகண்ட், ஏறக்குறைய இரண்டு பிரேம். முதலும் கடைசியும் ஒரே அளவு விலகியிருந்தால் அது நழுவல் இல்லை. கிளிப்பை மொத்தமாக நகர்த்தினால் போதும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கை வைப்பதால்தான் பாதி நேரம் வீணாகிறது.

ஒன்றரை மணி நேர நிகழ்ச்சியில் பி கேமராவின் கடைசிக் கிளாப் ரெக்கார்டரைவிட 6 பிரேம் பிந்தி நிற்கிறது என்று வையுங்கள். 90 நிமிடத்துக்கு 6, ஆகவே 15 நிமிடத்துக்கு ஒன்று. வேகத்தை மாற்றிச் சரி செய்யலாமே என்று தோன்றும். இங்கே தேவைப்படும் மாற்றம் 0.0044 விழுக்காடு. பிரீமியரின் வேகப் பெட்டியில் இரண்டு தசம இடம்தான்; 0.01 மாற்றினாலே 90 நிமிடத்தில் 13 பிரேமுக்கு மேல் போய்விடும். அந்தக் கதவு மூடியது.

வெட்டுவதுதான் வழி. வெட்ட வேண்டியது படத்தை. ரெக்கார்டர் சத்தத்தை அல்ல. பாட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழுசாக விட்டுவிடுங்கள். சத்தத்தில் ஒரு பிரேம் போனாலும் காது பிடித்துவிடும். படத்தில் போனது, அந்த நேரம் வேறு கேமரா திரையில் இருந்தால், யாருக்கும் தெரியாது. முதல் வெட்டு 7.5 நிமிடத்தில், அடுத்தது ஒவ்வொரு 15 நிமிடத்திலும். ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னாலும் இருப்பதை ஒரு பிரேம் இடப்பக்கம் தள்ளினால் எங்கேயும் அரைப் பிரேமுக்கு மேல் விலகாது. கோப்பு எதிர்த்திசையில் நழுவியிருந்தால் வலப்பக்கம் தள்ள வேண்டிவரும். அப்போது வெட்டில் ஒரு பிரேம் இடைவெளி விழும். முந்தைய துண்டின் வாலை ஒரு பிரேம் நீட்டி மூடாவிட்டால் முடிந்த படத்தில் கறுப்பாக ஒரு மின்னல் அடிக்கும்.

சரி பார்ப்பது

கும்மி ஆட்டத்தைப் பார்த்துச் சிங்க் சரி பார்க்காதீர்கள், ஆசிரியர் வாயைப் பாருங்கள். தமிழில் அதற்கு வசதியான எழுத்துகள் உண்டு: ப, ம. இரண்டுக்கும் உதடு ஒட்டியே ஆக வேண்டும். 'அம்மா', 'அப்பன்', 'செம்மை' என்று வரும் இடத்தில் ஒவ்வொரு பிரேமாக நகர்த்துங்கள். 'ப்ப'வில் உதடு மூடியிருக்கும்வரை வேவ்ஃபார்ம் ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கும், திறந்ததும் துள்ளி எழும். க, ங, ழ எல்லாம் வாய்க்குள்ளேயே நடப்பவை, அவற்றை நம்ப முடியாது. வாய்க்கு முன்னால் மைக் மறைத்தால் பக்கவாட்டில் இருக்கும் கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கம், நடு, முடிவு மூன்று இடத்திலும் பாருங்கள். ப்ளூடூத் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்க்கவே கூடாது. அது தானே சத்தத்தைப் பிந்த வைக்கும், நீங்கள் சரியாக இருந்ததைக் கெடுத்து வைப்பீர்கள்.

சத்தம் படத்துக்கு முன்னால் 40 மில்லிசெகண்டுக்கு மேலோ, பின்னால் 60-க்கு மேலோ போகக் கூடாது என்பது ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் ஆர்37 பரிந்துரை. இரண்டு பக்கமும் ஒரே அளவு இல்லை, கவனியுங்கள். தூரத்தில் துணி துவைப்பவர் கை விழுந்த பிறகு 'டப்' என்று கேட்டுப் பழகிய கண் நமக்கு. சத்தம் முந்துவதை அது பொறுக்காது. அரைப் பிரேம் எந்தப் பக்கம் விடுவது என்று சந்தேகம் வந்தால், சத்தம் பிந்தும் பக்கம் விடுங்கள்.

டிரோன் கோப்பில் பெரும்பாலும் சத்தமே இருக்காது. ஏ கேமராவில் எல்லோரும் குனிந்து நிமிரும் ஒரு திருப்பத்தையோ, ஒரே நேரத்தில் திசை மாறும் அடியையோ எடுத்து, டிரோனில் அதே அடியைத் தேடி ஒட்டுங்கள். ஒரு தாளம் தள்ளி ஒட்டும் அதே பொறி இங்கேயும் உண்டு. ஆகவே பாட்டு தொடங்கும் முதல் அடியோ முடியும் கடைசி அடியோதான் நல்ல இடம். இரவு நிகழ்ச்சியில் போட்டோக்காரர் ஃபிளாஷ் நல்ல உதவி. ஆனால் 1/50 ஷட்டரில் ஒவ்வொரு பிரேமிலும் பாதி நேரம் கேமரா கண்ணை மூடியிருக்கிறது, ஃபிளாஷோ கணத்தில் போய்விடும். ஒரு கேமராவில் விழுந்தது இன்னொன்றில் விழாமல் போகலாம், பாதித் திரையில் பட்டையாகவும் விழலாம். மூன்று, நான்கு ஃபிளாஷ் தொடராகப் பொருந்தினால் மட்டும் நம்புங்கள்.

எல்லாம் உட்கார்ந்ததும் வெட்டத் தொடங்கலாம்: பிரீமியரில் ஷிஃப்ட்டோடு பூஜ்யம், எடியஸில் எஃப்8, ரிசால்வில் வியூவரை மல்டிகேமுக்கு மாற்றுவது. அதற்கு முன் சி கேமராவின் சத்தத்தை முழுக்க மூடிவிடுங்கள். படத்தை ஒட்டியதால் அதன் சத்தம் இப்போது 4 பிரேம் பிந்தி நிற்கிறது. திறந்து வைத்தால் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். சலங்கையும் கைதட்டலும் வேண்டுமென்றால் ஏ-யின் சத்தத்தை மட்டும், பாட்டுக்குக் கீழே 15 டெசிபல் தள்ளி, தாழ்ந்த உறுமலை 150 ஹெர்ட்ஸில் வெட்டி வையுங்கள். பிறகு அந்த சீக்வென்ஸை ஒரு நகல் எடுத்து 'சிங்க் மட்டும், தொடாதே' என்று பெயர் போட்டு வையுங்கள். அரங்கேற்றம் முடிந்து ஒரு வாரத்தில் "எங்க புள்ள ஆடுனது மட்டும் தனியா வேணுமுங்க" என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் போன் வரும்.